நேற்று விடிந்தது முதல்

ஐந்தாம் பக்கத்தில் நிலம்.
எட்டாம் பக்கத்தில் குழந்தை.
இடையில் கிணற்றுத் தொலைவு, கூரை தகரமா புல்லா,
கழிப்பறைக்குக் கதவு உண்டா.

மலாவியில், சாம்பியா எல்லையை ஒட்டி
நாங்கள் எண்ண வந்த நாற்பது வீடுகளில்
இது இருபத்திரண்டாவது.
நச்சிசாலே கதிர் உதிர்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள்.
தகரத் தட்டில் மணி விழும் சத்தத்துக்கு இடையே
காதைக் கொடுத்து எழுதுகிறேன்:
மக்காச்சோளம், நிலக்கடலை, சோயா,
சர்க்கரைவள்ளி, வரப்போரம் பூசணி.
காராமணி ஒரு கைப்பிடி.
"அதையுமா எழுதுவீங்க?"
எழுதினேன். ஆறு.
இந்த ஊரில் இதுவரை கிடைத்த பெரிய எண்.

எட்டாம் பக்கம்.
நேற்று விடிந்தது முதல் இன்று விடியும் வரை
ஃபட்சானி என்ன சாப்பிட்டான்?

காலையில் மாவுக் கஞ்சி.
மத்தியானம் என்சிமா, அதே மாவு, கெட்டியாய்.
ராத்திரியும் அதுதான்,
தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை.
கீரையில் எண்ணெய்?
சிரித்தாள்.

கடலை?
சாக்கு தைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை தராசு வருகிறது.
சோயா?
உரக்கடன்.
பூசணி?
மூத்தவள் போட்டிருக்கும் நீலச் சட்டையைக் காட்டினாள்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்.
வயலில் இருந்தால் சட்டியில் வரும் என்று
படிவம் இன்னும் ஒரு படி மேலே நம்புகிறது.
நடுவில் லாரி நிற்கிறது.
அதற்குக் கட்டம் இல்லை.

இருபத்தோராம் வீட்டு லோனேசிக்குப் பயிர் ஒன்றே ஒன்று.
கையகல நிலம், பாதி கறையான்.
ஆனால் தார்ச்சாலை முக்கில் பணியாரம் சுடுகிறாள்.
காசு அவள் முந்தானையில், சந்தை கூப்பிடு தூரத்தில்.
அவள் மகள் நேற்று
முட்டை, கருவாடு, வாழைப்பழம், பயறு.
என் பேனா மை தீரும் அளவுக்கு.
ஆனந்தப்பட வேண்டியவன்தான் நான்.
ஏனோ எரிச்சலாக இருந்தது.

ஃபட்சானிக்கு மூன்று வயது.
இடது கையில் நாடாவைச் சுற்றினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று. மஞ்சள்.
அவன் நாடாவின் நுனியைக் கடித்துப் பார்த்தான்.

"வேற ஏதாவது சாப்பிட்டானா?"
"இல்ல."
மாட்டுத் தொழுவத்துப் பக்கமிருந்து அண்ணன்காரன் கத்தினான்:
"என் எலில பாதி அவன்தான் தின்னான்!"
குச்சியில் கோத்த இன்னும் நாலு அவன் தோளில்.
நச்சிசாலே மணியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"அத எழுதாதீங்க."

நான் ஒன்பது வயது வரை எலி பிடித்தவன்.
வளையின் எந்த வாயில் புகை போட வேண்டும்,
எந்த வாயில் கையை வைக்க வேண்டும்,
இன்றும் தெரியும். சொல்லவில்லை.
இறைச்சி: ஆம்.
அந்தத் தட்டை உயர்த்தியது
ஆறு பயிரில் ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது அவள் எழுந்துபோய்
சாக்கின் வாயில் நாலு தையலைப் பிரித்தாள்.
விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வீடு
இந்த மலைப்பக்கம் எங்குமே கிடையாது.
என் உள்ளங்கை நிறையக் கடலை.
ஃபட்சானியின் கண் என் கையை விட்டு நகரவில்லை.

பயிற்சியில் சொன்னது, விதி பதினான்கு:
கணக்கெடுப்பவர் குழந்தைக்கு உணவு தரக் கூடாது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலி தாண்டினேன்.
பின்னால் காலடி கேட்டது, சின்னது.

இருபத்து மூன்றாம் வீட்டில்
பேனா எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன்.
வெறும் தோடுகள் நொறுங்கின.