மெய்ப்பு

காவேரிப்பட்டினம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஃபிளெக்ஸ் கடையில் எனக்கு வேலை.
காதுகுத்துக்கு ஆறுக்கு நாலு,
கண்ணீர் அஞ்சலிக்குப் பத்துக்கு எட்டு.
சாவுக்குத்தான் பெரிய அளவு கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கே மூன்று அடித்திருக்கிறேன்.
அப்பா திம்மராயன், நாற்பத்தாறு.
அப்போது ஈய எழுத்து, கறுப்பு மை,
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம்.
பெரியப்பா நரசப்பன், ஐம்பத்தொன்று.
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளும்போது.
தம்பி மாதேஷ், முப்பத்தெட்டு.
கைப்பந்தை வலைக்கு மேலே தூக்கிவிட்டு நின்றான்.
பந்து இறங்குவதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

வாசகம் மூவருக்கும் ஒன்றுதான்:
மாரடைப்பால் அகால மரணம்.
பெயரும் தேதியும் மட்டும் மாறும்.
தம்பிக்கு அடித்த அன்று ஒரு கால் விடுபட்டு
அகல மரணம் என்று விழுந்தது.
முதலாளி கவனிக்கவில்லை, ஊரும் கவனிக்கவில்லை.
பதினாறாம் நாள்வரை மின்கம்பத்தில்
அகலமாக நின்றது.

குடி என்றார்கள். தம்பி குடிக்க மாட்டான்.
குலதெய்வத்துக்குக் கிடா பாக்கி என்றார்கள்.
வெட்டினோம்.

பிறகு எனக்குப் படிக்கட்டில் மூச்சு வாங்கியது.
கிருஷ்ணகிரி டாக்டரம்மா
ஈர ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்து,
இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார்.
சுவர் என்றால் எனக்கு ஒட்டுகிற இடம்.
கத்திரிப்பூ நிற மூடி போட்ட குழாயில்
ரத்தம் பெங்களூருக்குப் போனது.
ஐந்து வாரம் கழித்து ஒரு தாள்:
ஒரு மரபணுவில்
இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன.

அந்த மொழியில் மொத்தமே நாலு எழுத்தாம்.
இருநூற்று நாற்பத்தேழை மேய்க்கிற எனக்குச்
சிரிப்பு வந்துவிட்டது.
நாலை வைத்துக்கொண்டு இவ்வளவு பிழையா?
அவர் சிரிக்கவில்லை.
நம் பக்கத்தில் நூற்றுக்கு நாலு பேருக்கு
இது உண்டு என்றார்.
வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில் எண்ணினேன்,
ஐம்பது தலை. அப்படியானால் இரண்டு.
ஒன்று நான்.
இன்னொருவர் ஜன்னலோரம் கடலை கொறித்துக்கொண்டு.

விடுபட்டதைச் செருக முடியாதா என்று
அடுத்த முறை கேட்டேன்.
இப்போதைக்கு முடியாது,
வருஷா வருஷம் எடுத்துப் படித்துக்கொண்டே இருக்கலாம் என்றார்.
மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார்.

நாகம்மா அத்தைக்கும் அதே இருபத்தைந்து இல்லை.
வயது எழுபத்துமூன்று.
வைகாசியில் மண்டியில் இன்னும்
பெங்களூரா மாங்காய்க் கூடை இறக்குகிறாள்.
எக்கோ எடுத்தால் சுவர் மெலிசு, துடிப்பு சுத்தம்.
அப்பாவின் உடன்பிறந்தவள், அதே பிரதி.
ஏன் டாக்டர் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை?
தெரியவில்லை என்றார்.
அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான்
அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினேன்.

இப்போது அத்தையின் பேரன் கிரிதரனுக்கும்
மாதேஷின் மகள் சிந்துஜாவுக்கும் நிச்சயம்.
இரண்டு பக்கமும் இருந்து
பிள்ளைக்கு இரண்டுமாகச் சேர்ந்துவிட்டால்
தொட்டிலிலேயே தெரிந்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா.
நான் சொன்னேன். கூடத்தில் யாரோ கேட்டார்கள்:
ரத்தம் பார்த்தா சம்பந்தம் பேசுவது?
எட்டுப் பொருத்தம் இருக்கிறதே.
அத்தை கூடையைப் பின்னியபடி
ஒன்றும் சொல்லவில்லை.

ஃபிளெக்ஸ் என் மேசைக்கே வந்தது.
பன்னிரண்டுக்கு எட்டு, ரோஜா பார்டர்,
இரண்டு முகம், இரண்டிலும் என் அப்பாவின் புருவம்.
அச்சுக்கு அனுப்பும் பொத்தானில் விரலை வைத்து
எடுத்தேன்.
சிந்துஜாவைக் கூப்பிட்டேன்.

“தெரியும் அத்தை,” என்றாள், பின்னால் லாரி ஹாரன்.
“போன மாசமே ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டோம்.
வீட்ல சொல்லாதீங்க.
வெள்ளிக்கிழமை வரும்.”
வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை.
அவளே சொன்னாள்: “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்.”

முதலாளி கேட்டார், ஏம்மா இன்னும் ஓடலையா?
மெய்ப்பு பார்க்கணும் சார், என்றேன்.
மணமக்கள், சுற்றமும் நட்பும், நல்வரவு.
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன்.
எல்லாம் இருந்தது.

இன்று புதன்.