காரணம் என்கிற கட்டம்

என் இகாமாவில் தொழில்:
ஏற்றி இறக்கும் தொழிலாளி.
நான்கு வருடமாக ஜுபைலில்
ஒரு மூட்டை தூக்கியதில்லை.
நாற்பத்தாறு அறைகளின் சாவி
இடுப்பில் கிடந்து சத்தம் போடுகிறது.

நேர்காணலில் எகிப்துக்காரர் கேட்டார்,
சோஷியாலஜி என்றால்?
மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று...
கலாஸ், கேம்ப்பைப் பார்த்துக்கொள் என்றார்.
படித்த படிப்புக்கே வேலை
எங்கள் வகுப்பில் எனக்குத்தான் கிடைத்தது.

ஜெனோவா குழுக்கடன் வசூலிக்கிறாள்.
தணிகைவேல் பெங்களூரில்
செயலியை ஏன் நீக்கினீர்கள் என்று
நீக்கியவர்களிடமே போன் போட்டுக் கேட்கிறான்.
மதிவதனி குரூப் டூ, மூன்றாவது முறை.

அறைமாற்ற விண்ணப்பத்தில்
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
'ஏசி சத்தம்' என்று எழுதிக் கொடுத்தான் குணபாலன்.
ஜனவரி மாதம். யாரும் ஏசி போடுவதில்லை.
கீழ்க்கட்டிலில் இவன்.
மேல்கட்டிலுக்குப் புதிதாக வந்திருப்பவன் தவசி,
இவன் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி.
ஒரே பேருந்து.
இறங்கும் நிறுத்தம் வேறு.

சமூக அடுக்கமைவு, பத்து மதிப்பெண் கேள்வி.
நான்கு பக்கம் எழுதி ஒன்பது வாங்கியவன் நான்.
பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டிலாக
அது எதிரே வந்து நிற்கும் என்று
வினாத்தாளில் இல்லை.

'நீங்களும் நம்ம பக்கம்தானே சார்,
நீங்க என்ன ஆளு?'
எம்.ஏ. என்றேன்.
சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இழுப்பறையில் ஏற்கெனவே பதினேழு தாள்:
மூட்டைப்பூச்சி, குறட்டை,
குழாய் தூரம், முதுகுவலி.
தனித்தனியாகப் படித்தால்
ஒன்றுகூடப் பொய்யாகத் தெரியாது.

நேற்று தவசியே வந்தான்.
'நானே மாறிக்கிறேன் சார்.'
காரணம்? என்றேன்.
பேனாவை வாங்கி
வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.
'ஏசி சத்தம்' என்று எழுதினான்.

கையெழுத்துப் போடாத அந்தத் தாள்
இன்னும் என் சட்டைப்பையில்.

ராத்திரி சித்தப்பா மகள் வாட்ஸாப்பில்:
'அண்ணே, சோஷியாலஜிதான் கெடச்சிருக்கு.
எடுத்தா என்ன வேலைக்குப் போலாம்?'
நிறைய இருக்கு, என்று பேசி அழித்தேன்.
மறுபடி மைக்கை அழுத்தியபோது
தண்ணீர் லாரி வந்துவிட்டது.
விரலை எடுக்க மறந்த பதினோரு விநாடி,
தொட்டி நிரம்பும் இரைச்சல் மட்டும் போயிருக்கிறது.

நீல டிக் விழுந்தது.
'ஒண்ணும் கேக்கலண்ணே,
திரும்பச் சொல்லுங்க.'