பங்கு

பேரவைக் கூட்டம் ஏழு மணிக்கு என்றால்
சின்னவிளையில் அது எட்டேகால்.
செயலாளர் நான். மினிட்ஸ் நோட்டு என் மடியில்.
முதல் ஆறு பொருளும் ஓடிப்போயின:
கொடிமரத்துக்குப் பெயின்ட், மைக் செட் பாக்கி,
கல்லறைத் தோட்டத்துச் சுவரில்
கடல் கடித்துப்போன இடம்.

ஏழாவது பொருள்
வாசலுக்கு வெளியே, செருப்புகளின் பக்கத்தில் நின்றது.
ஞானஸ்நானப் புத்தகத்தில் பெனடிக்ட்.
பதினாறு வருஷம் மும்பையில்.
இப்போது காதில் கம்மல், இடுப்புவரை முடி,
தன் வாயால் சொல்லும் பெயர் பெனிலா.
கேட்டது இவ்வளவுதான்:
குடும்ப அட்டையில் அந்தப் பெயர்.
பூசையில் நன்மை.
போகிற நாளில் அம்மைக்குப் பக்கத்தில் ஆறடி.

"எந்தப் பக்கத்துப் பெஞ்சில இருத்துவிய?"
ததேயு கேட்டார்.
ஒரு சிரிப்பு எழுந்து
யாருடையது என்று தெரியாமல் அடங்கியது.
பங்குத்தந்தை சின்ன வயசு.
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.
ஆயருக்கு எழுதிக் கேட்கலாமே என்றார்.
ஒத்திவைப்பு என்று எழுதினேன்.
நானும் வாய் திறக்கவில்லை.
அதை நோட்டில் எழுதவில்லை.

காலையில் கரைமடி.
முட்டத்து விளக்கு இன்னும் அணையவில்லை.
கருமணலில் குதிகால் புதைய
இரண்டு கம்பாவிலுமாக முப்பது பேர்.
மீன் வாங்க வாளியோடு நின்றிருந்தேன்.
மடி கரை தொட இன்னும் பத்துப் பாகம் இருக்கும்,
அப்போதுதான் அவள் வந்தாள்.
சேலையைத் தூக்கிச் செருகினாள்.
கம்பாவின் ஈர வாலில்
கை வைத்தாள்.

இழுக்கிற நேரம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
கயிற்றில் நிற்பவனுக்கு
முன்னால் நிற்பவனின் முதுகு மட்டும்தான் தெரியும்.

நெத்தோலி. கொஞ்சம் சாளை.
ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
பிரிப்பது ததேயு, மடி அவருடையது.
வலைக்கு, வள்ளத்துக்கு, கோயிலுக்கு எடுத்துவைத்து
மிச்சத்தைத் தலைக்கு ஒன்றாய்
மணலில் குவித்துக்கொண்டே போனார்.
கால் போன வியாகுலத்துக்கு ஒன்று,
அவன் கயிறு தொட்டே பத்து வருஷம்.
ஐஸ் வண்டி நூர்தீனுக்கு ஒன்று,
போகிற போக்கில் இரண்டு இழு இழுத்தானாம்.
பெனிலாவின் முன்னால் அந்தக் கை நின்றது.
எனக்கு மூச்சு நின்றது.
ஒரு பிடி அள்ளி வைத்தார்.
பார்த்தார்.
இன்னொரு அரைப்பிடி.
"ஒனக்க பங்கு. எடு."

பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும்
அதே ஒரு தெனாரியம்:
இருபது வருஷமாய் மறைக்கல்வியில்
பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை.
அதில் முந்தி வந்தவர்கள் முணுமுணுப்பார்கள்.
இங்கே காக்கைகள் மட்டும்தான்.

ததேயுவைத் தனியே பிடித்துக் கேட்டேன்.
"நேத்து அப்படிச் சொன்னீரே?"
"அது கோயில் காரியம்," என்றார்
கையை மணலில் தேய்த்தபடி,
"இது மீனு."

சேசுவே,
செத்து எழுந்த பிறகும்
கடற்கரையில் கரி மூட்டி
ராவெல்லாம் வெறும் வலை இழுத்தவர்களுக்கு
மீன் சுட்டுவைத்தவர் நீர்.
இதில் எது கோயில், எது மீன் என்று
ஆயருக்கு நீரே எழுதிவிடும்.

அடுத்த கூட்டம் மாசக் கடைசியில்.
ஏழாவது பொருளை
முதல் பொருளாக எழுதிவைத்திருக்கிறேன்.
பெயர்: பெனிலா.
பென்சிலில்தான்.
எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் தைரியம்.