பையில் ஓட்டை

சண்டர்லாந்தில், மூடிப்போன வங்கியின் கூடத்தில்
சனிக்கிழமைதோறும் பள்ளிச் சீருடை தருகிறார்கள்.
காசு எண்ணிய கவுன்ட்டரில் இப்போது கால்சட்டைகள்.
யாரும் ரசீது கேட்பதில்லை, காரணமும்.

டோரீன் கத்தரி முனையால்
காலரில் தைத்த பெயர்களைப் பிரிக்கிறாள்.
இன்னொருவன் பெயரோடு எந்தப் பிள்ளையும்
வகுப்புக்குள் நுழையக் கூடாது,
அது அவள் போட்ட சட்டம்.
அவள் மடியில் நூல்துணுக்குகளாய்க் கிடக்கிறது
ஒரு வருகைப் பதிவேடு.

போன செப்டம்பரில்
கண்ணைத் தரையில் நட்டபடி
கோட்டு வாங்கிப் போன லூயி
ஜூலையில் வந்தான்,
கை மணிக்கட்டைத் தாண்டி வளர்ந்து.
துவைத்திருந்தான். இஸ்திரிதான் கோணல்.
மேசையில் வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்:

"இடப்பக்கப் பையில ஓட்டை.
வாங்கிக்கிறவன்கிட்ட சொல்லிடுங்க,
பஸ் காசை அதுல போட வேண்டாம்னு.
நான் ரெண்டு தடவை நடந்திருக்கேன்."