காரணம் எழுதும் கட்டம்

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி
அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.

முதலாவது, பைக்குள் போட்டால்
இருப்பதே தெரியாத எடை.
இரண்டாவதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை,
பாதிப்பேர் அதைத்தான் வாங்குவார்கள்.
மூன்றாவது
இரண்டரைக் கிலோ. மின்னேற்றி தனியாக, செங்கல் போல.
தனி கிராபிக்ஸ் அட்டை. முதுகில் இரண்டு விசிறி.
விளம்பரப் படத்தில் அதன்முன் உட்கார்ந்திருப்பவன்
கட்டட வரைபடம் பார்க்கிறான்.
கண்ணில் மட்டும் வேறு ஏதோ வெளிச்சம்.

மூன்றாவதற்கு மட்டும் ஒரு கட்டம் கூடுதல்:
‘தேவைக்கான காரணம். இருநூறு எழுத்துக்குள்.’

லியெபாயாவில் நவம்பர். கடற்காற்று
டிராம் கம்பிகளைப் பிடித்து உலுக்குகிறது.
நான் மழைநீர் வடிகால் வரைகிறவன்.
எந்தத் தெருவின் தண்ணீர் எந்தக் குழாய்வழி
எவ்வளவு சரிவில் கடலுக்குப் போகும் என்பது
என் வயிற்றுப்பாடு.
இதற்கு முதலாவதே போதும். கொஞ்சம் திணறும்.
நானும் திணறுகிறவன்தான்.

எழுதினேன்:
‘முழு வலையமைப்பையும் முப்பரிமாணத்தில்
நடந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டியுள்ளது.’
படித்துப் பார்த்தேன். அழகான பொய்.
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

இருநூறு எழுத்தில் அடங்காத காரணத்துக்கு
வயது பதின்மூன்று. பெயர் மதாரா.
அயர்லாந்தில், கார்க்கில், அம்மாவோடு இருக்கிறாள்.
தொலைபேசியில் கேட்டால்
‘சாப்ட்டேன்’, ‘ம்’, ‘தெரியல’,
இந்த மூன்றையே மாற்றி மாற்றி அடுக்குவாள்.
விளையாட்டுக்குள் வந்தால் மட்டும் மடை திறக்கும்.
பாலத்துக்கு மரம் வெட்டிக்கொண்டே
கணக்கு டீச்சரைத் திட்டுவாள்.
ஓநாய்க்கு ஒளிந்தபடியே
அம்மாவின் நண்பர் பரவாயில்லை என்பாள்.
நான் ஓங்கிய கோடரியோடு நிற்பேன்.

வீட்டிலிருந்த பழசு மார்ச்சில் சூடேறி அணைந்தது.
அணைந்தது, அவள்
‘அப்பா, யார்கிட்டயும் சொல்லாத’ என்று
தொடங்கிய இடத்தில்.
உயிர்ப்பித்து மறுபடி உள்ளே போனபோது
‘ஒண்ணுமில்ல’ என்றாள்.
அதன்பின் அது எழவில்லை.
புதிதுக்கு விலை பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

படிவம் இல்வார்ஸ் மேசைக்குப் போயிற்று.
கணினிப் பிரிவு. தேவைக்குமேல் பேசாதவர்.
தேநீர் இயந்திரத்தருகே கேட்டார்:
‘வடிகாலுக்குள்ள நடக்கணுமா?’
‘நடக்கணும்.’
‘ராத்திரியிலயா?’
என் கோப்பை நிரம்பி, தரையில் வழிந்து,
சரிவு பார்த்து அவர் காலணிப் பக்கம் ஓடியது.

பதினோராம் நாள் வந்தன, பெட்டியும் செங்கல்லும்.
அன்றிரவே விளையாட்டை நிறுவப் போனேன்.
‘நிர்வாகியை அணுகவும்.’
நிர்வாகி இல்வார்ஸ்.
அணுகி என்ன கேட்பது, எந்தக் கட்டத்தில்?

கார்க்கில் மணி எட்டு. அழைப்பில் காத்திருந்தாள்.
சொன்னேன்.
‘ம்.’
அந்த ‘ம்’ முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.
கைக்கு அகப்பட்டதைத் திறந்து திரையைப் பகிர்ந்தேன்:
தெற்குப் பகுதி, மழைநீர், திருத்தம் ஒன்பது.

விசிறிகள் எழுந்தன.
குழாய்க்குள் இறங்கினோம்.
‘இங்க எலி இருக்குமா?’
‘வரையல.’
‘வரையேன்.’
ஒரு சாம்பல் உருளை வைத்தேன், வாலோடு.
‘இப்ப எதுக்குக் கீழ இருக்கோம்?’
‘உன் பழைய பள்ளிக்கூடம். அடுத்த திருப்பம் ரொட்டிக்கடை.’
‘வேகமாப் போ. இல்ல, மெதுவா.
ஏம்ப்பா இந்தக் குழாய் மேல ஏறுது?’

ஏறக் கூடாது.
நாற்பத்தேழாம் எண். எட்டுத் திருத்தங்களில்
நானே கையெழுத்திட்ட எதிர்ச்சரிவு.
‘நல்ல கண்ணு உனக்கு’ என்றேன். சிரித்தாள்.
ரொட்டிக்கடைக்கும் எங்கள் பழைய வாசலுக்கும் நடுவில்,
அறுநூறு மில்லிமீட்டர் இருட்டில்,
மார்ச்சில் விட்ட இடத்திலிருந்து
சொல்லத் தொடங்கினாள்.
நான் மவுசை அசைக்காமல் பிடித்திருந்தேன்.
அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.

காலையில் பிழை அறிக்கை நிரப்பினேன்.
கண்டவர் பெயர் கேட்டது ஒரு கட்டம்.
என் பெயரைத் தட்டி, அழித்து,
காலியாக விட்டேன்.

எலியை அழிக்க மறந்துபோனது.
நகராட்சிக்குப் போன பிரதியிலும்
பள்ளிக்கூடத்துக்குக் கீழே, வாலோடு,
அது இருக்கிறது.