செதில்

வேலை போன வாரம்
லோஹித் இதை எனக்கு விற்றான்.
பாதி விலை. ஒரு பிரஷ்ஷும்
ரப்பர் வளையமும் சும்மா கொடுத்தான்.

ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழிருந்து
டேங்கர் ஏறி வரும் ககதாசபுரத்துத் தண்ணீர்
பாய்லருக்குள் கல்லாகப் படிகிறது.

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி
பொத்தானை அழுத்தினேன்.
இருமியது. நின்றது.
மறுபடி இருமியது.
கிண்ணமெல்லாம் வெள்ளைச் செதில்.

என்னிடம் வந்து ஏழு மாதம்தான்,
இவ்வளவும் என்னுடையதாக இருக்காது.
நோட்டீஸ் காலத்தில்
அவன் விடியவிடியக் குடித்ததும் சேர்ந்திருக்கும்.

சிங்க்கில் கொட்டி
மூன்று முறை வெறும் தண்ணீர் ஓட்டினேன்.
அரவைத் திருகு இன்னும்
அவன் வைத்த பதினொன்றில்.
கசக்கிறது, திருப்பவில்லை.

‘மெஷின் எப்படி இருக்கு?’
நேற்றிரவு கேட்டிருந்தான்.
‘இருமுது, ஆனா ஓடுது.’

வேலை கிடைத்ததா என்று
நான் கேட்கவில்லை.