மஸ்ட்

வெள்ளிக்குள் லோடு ஏறணும், மஸ்ட்.
பையரின் மெயிலில் அந்தச் சொல் மட்டும் தடித்த எழுத்தில்.

திருப்பூர், ராத்திரி ஒன்பதரை.
டையிங்கில் கரண்ட் இல்லை.
சும்மா அகராதியில் தேடினேன்.

பழைய காலத்தில் அதற்குச்
'செய்யலாம்' என்றுதான் அர்த்தமாம்.
அனுமதி என்றைக்குக் கட்டளையானது?

அதே எழுத்துகளுக்கு வேறு பொருளும் உண்டு:
பூஞ்சை வாடை.
போன ஐப்பசியில் திரும்பி வந்த
நானூறு பெட்டி டீஷர்ட்டைத்
திறந்த மூக்குக்குத் தெரியும்.
இன்னொன்று, யானைக்குப் பிடிக்கும் மதம்.

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தெய்வாத்தாள்
தலை நிமிராமல் கேட்டாள்:
"ஞாயித்துக்கெழமையும் வரோணுங்களா?"

அந்த 'ஓணு'க்குள்
நசுங்கிக் கிடக்கிறது 'வேண்டும்'.
ஆசைப்படுவதும் அதுதான்,
அம்மனிடம் கேட்பதும் அதுதான்.

"வரலாமுங்க" என்றேன்,
பழைய அர்த்தத்தில்.

அவள் தூக்குப்போசியைக் கழுவ எழுந்தாள்
புது அர்த்தம் புரிந்து.